உண்மைக் கதை திறந்த வாசல்

ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் 1995 முதல் 2000 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட கற்பனைக் கதையில், உலகங்களை ஆளும் கடவுளுக்கு எதிராக அஸ்ரியல் பிரபு படை திரட்டுகிறார். தேவதூதர்களும் சூனியக்காரிகளும் சேர்கின்றனர். அவரது மகள் லைராவோ, இறந்துபோன தோழன் றோஜரிடம் மன்னிப்புக் கேட்க மரித்தோர் உலகுக்குச் செல்கிறாள்.

அங்கே காவல் நிற்கும் பறவைப் பெண்கள், அவள் பொய்க்கதை சொன்னபோது பாய்ந்து தாக்கினர். தன் சிறுபராயத்தை உள்ளபடி சொன்னபோது அமைதியாகக் கேட்டனர். வாழ்ந்ததை உண்மையாகச் சொல்வோருக்கு வெளியேறும் வழி காட்டவும் உடன்பட்டனர். அந்தக் கடவுளோ கடைசியில் காற்றில் கரைந்துபோகும் தளர்ந்த முதியவர்தான்.

"சொல்லி என்ன, போனவர் வரப்போறாரோ?" என்று நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம். லைராவின் கதையிலும் எவரும் உயிர்பெற்று வரவில்லை. ஆனால் அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள். சகோதரிகளே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லத் தொடங்குங்கள்.