கணையத்தில் நீர்: பிளாஸ்டிக் ஸ்டென்ட்டா, மெட்டலா? கழற்றும் தேதியையும் கேளுங்க!

ஸ்டென்ட்னாலே ஹார்ட் அட்டாக்தான் ஞாபகம் வரும். ஆனால் வயிற்றுக்குள்ளும் ஸ்டென்ட் வைப்பார்கள். கணைய அழற்சிக்குப் பிறகு அதைச் சுற்றித் தேங்கும் நீரை, இரைப்பைச் சுவரில் துளையிட்டு உள்பக்கமாகவே வடியவிடுவதற்காக. அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பை வாய்வழியாக இறக்கிச் செய்வதால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

அழற்சிக்கு முக்கியக் காரணங்கள் மதுவும் பித்தப்பைக் கல்லும். தேங்கும் நீர் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். காய்ச்சல், தொற்று, விடாத வலி, சாப்பிட முடியாத நிலை என்றால்தான் வடிக்க வேண்டும். அதற்கும் பொதுவாக 4 வாரம் பொறுப்பார்கள். அதற்குள் கட்டியின் சுவர் கெட்டியாகும்.

எந்த ஸ்டென்ட் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மரக்காணம் உப்பளக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பாத்தியில் தண்ணீர் மட்டும் என்றால் சின்ன மடை போதும். சேறு கலந்திருந்தால் அடைத்துக்கொள்ளும். கட்டியில் வெறும் நீர் என்றால், இரு முனையும் சுருண்ட, 2 முதல் 3 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுகளே பெரும்பாலும் போதும். விலையும் குறைவு. செத்துப்போன கணையத் திசு கலந்திருந்தால் 10 முதல் 20 மி.மீ. அகல மெட்டல் ஸ்டென்ட் கைகொடுக்கும். அதன் வழியாகவே எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுத் திசுவை அள்ளி எடுக்கலாம்.

ஹைதராபாத் ஏ.ஐ.ஜி. மருத்துவமனை, இப்படித் திசு கலந்த கட்டியுள்ள 205 பேருக்கு மெட்டல் ஸ்டென்ட் வைத்த அனுபவத்தை 2017-ல் வெளியிட்டது. ஏறக்குறைய நாலில் மூணு பேருக்கு ஸ்டென்ட் மட்டுமே போதுமானதாக இருந்தது.

அப்போ மெட்டல்தான் பெஸ்ட்டா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 60 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முடிவு 2019-ல் வந்தது. குணமாகத் தேவைப்பட்ட சிகிச்சைகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டென்ட்டால் வந்த சிக்கல்கள் மெட்டலில் 32 சதவீதம், பிளாஸ்டிக்கில் 7 சதவீதம். நீர் வடிந்ததும் கட்டி சுருங்கிவிடுகிறது. மெட்டல் விளிம்பு அங்கேயே நின்று பின்சுவரை உரசுகிறது. பக்கத்து ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கொட்டலாம், ஸ்டென்ட்டே சதைக்குள் புதைந்தும் போகலாம். அதனால் ஆய்வின் நடுவிலேயே விதியை மாற்றினார்கள்: 3-வது வாரம் சிடி ஸ்கேன், கட்டி வற்றியிருந்தால் உடனே கழற்று. பிளாஸ்டிக்குக்கு இந்த அவசரம் இல்லை. கணையக்குழாய் துண்டாகியிருந்தால், மறுபடி நீர் சேராமல் இருக்க அதை நீண்ட நாள் விட்டுவைப்பதும் உண்டு.

இங்கேதான் உப்பளக் கூலிக்காரருக்குச் சிக்கல். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 35 கி.மீ.தான். ஆனால் வலி போய், சாப்பாடு இறங்க ஆரம்பித்த மூணாவது வாரத்தில், உப்பு வாரும் சீசனில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போக யாருக்கு மனசு வரும்? உடம்பு நல்லா இருக்கேன்னு தள்ளிப்போடுவது இயல்பு. மெட்டலில் ஆபத்தானதும் அதுதான்.

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வகை, ஸ்கேன் தேதி, கழற்றும் தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நடுவில் ரத்த வாந்தி, கறுப்பு மலம், தலைசுற்றல், குளிர்காய்ச்சல் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.