பொம்மைக் காரின் அடியில் ஒரு கணக்கு

மாதிரிக் காரைத் திருப்பிப் பாருங்கள். அடித்தகட்டிலோ அட்டைப்பெட்டியிலோ 1:64, 1:43, 1:18 என்று ஓர் எண் இருக்கும். அசல் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. 1:64 என்றால், அசலில் 64 செ.மீ. உள்ள பாகம் மாதிரியில் 1 செ.மீ.

இப்போது தூத்துக்குடியிலேயே கார் தயாராகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் இங்கே திறந்த ஆலையில் உருவாகும் விஎஃப் 7 மின்சாரக் காரின் நீளம் சுமார் நாலரை மீட்டர். அதை 1:18 அளவில் செய்தால் 25 செ.மீ. வரும், 1:24 என்றால் 19, 1:43 என்றால் பத்தரை, 1:64 என்றால் வெறும் 7 செ.மீ. எண் ஏற ஏற மாதிரி சிறுக்கும்.

24, 43, 64 என்ற இந்த எண்கள் அடிக் கணக்கில் பிறந்தவை. அசலின் ஓர் அடியை அரை அங்குலமாக்கினால் 1:24. 3/16 அங்குலமாக்கினால் 1:64. 1:43 பொம்மை ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனின் 'ஓ' வகை ரயில் மாதிரிகளில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தவே 1930களில் டிங்கி என்ற பொம்மைக் கார்கள் உருவாயின.

இன்னொரு கதை தீப்பெட்டி செய்யும் கோவில்பட்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே மகளின் பள்ளி அனுமதித்ததால், லண்டன் லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல் அவளுக்காகக் குட்டி ரோடு ரோலர் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' வரிசை பிறந்தது. அதில் அளவைத் தீர்மானித்தது பெட்டிதான். எனவே பேருந்தும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்தன. ஒவ்வொன்றும் தனியாக அழகு. சேர்த்து நிறுத்தினால் பொருந்தாது.

எடையிலும் ஒரு வியப்பு உண்டு. நீளம் 64இல் ஒரு பங்கானால் பரப்பு 4,096இல் ஒரு பங்காகும்; கன அளவோ 2,62,144இல் ஒரு பங்கு. ஒன்றரை டன் காரை அப்படியே சுருக்கினால் 6 கிராம்கூட இருக்காது. கடையில் வாங்கும் உலோகக் கார் அதைப்போல் பல மடங்கு கனக்கும். காரணம், 1 மி.மீ. தகட்டை 64ஆல் வகுத்தால் 0.016 மி.மீ. துத்தநாகக் கலவையை அவ்வளவு மெல்லிதாக வார்க்க முடியாது. ஆகவே வெளித்தோற்றத்தில் கணக்கைக் காத்து, சுவரைத் தடிமனாக்குகிறார்கள்.

சேகரிக்கத் தொடங்கும் பிள்ளைகள் ஏதாவது ஓர் அளவைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்பது நல்லது. அப்போதுதான் வாங்கியவற்றோடு கையால் செய்ததும் சேரும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு லாரிகள் இழுத்துச் செல்லும் 20 அடி கண்டெய்னரை 1:64இல் செய்ய, நீளம் 9.5, அகலம் 3.8, உயரம் 4 செ.மீ. எனக் காலண்டர் அட்டையை வெட்டினால் போதும். பழைய துறைமுகத்துத் தோணியை வேண்டுமானால், நீளத்தை விசாரித்து 64ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.