மலையிறங்கு பாதை – 17: மயிலுக்குப் போட்ட ஓடுபாதை

போன கிழமை தலைமன்னார் இறங்குதுறையில், இராமானுஜம் கப்பலுக்குக் காத்திருந்தவர்களோடு நிறுத்தினேன். எண்பதுகளில் அந்தக் கப்பலும் நின்றது. முன்கதை அவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டுப் பாருங்கள். இன்று இரவு எட்டு மணிக்குள் எனக்குப் பக்கம் போயாக வேண்டும்.

கடல்வழி முடிந்தது, இனி வானம், பதுளைக்கு விமான நிலையம் வரும் வரும் என்கிறார்களே அதைப் பற்றி எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கை மறக்கவில்லை. ஆனால் நடுவில் சின்னம்மா மகள் குவைத்துக்குப் புறப்பட்டாள். அவளை வழியனுப்பப் போன இடத்தில் ஒரு மயில் குறுக்கே வந்துவிட்டது.

மலைநாட்டில் ஒருவர் வெளிநாட்டுக்குப் போவதென்றால் ஒரு வேன் நிறைய ஆள் போகும். பயணக்காரி ஒருத்தி, வழியனுப்ப நாங்கள் பதினொரு பேர். இரவு ஒன்பது மணிக்கு ஹாலிஎல சந்தியில் ஏறினோம். வெலிமடையிலிருந்து வரும் பாதையும் பண்டாரவளையிலிருந்து வரும் பாதையும் சேர்ந்து பதுளைக்குப் போகும் சந்தி அது. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், அவர் பக்கத்தில் கதிர்காமத்தில் வாங்கிய மயிலிறகு ஒன்று. சின்னம்மா மகளின் பெட்டியை நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பிடியில் சிவப்பு ரிப்பன் முடிந்திருந்தார்கள். அங்கே இறங்கும்போது ஆயிரம் பெட்டிக்கு நடுவில் அடையாளம் தெரிய வேண்டுமே.

தெமோதர தாண்டிக் கும்பல்வெல சந்திக்கு வந்ததும், நேரே பண்டாரவளைக்குப் போவான் என்று நினைத்த சாரதித் தம்பி, இடப்பக்கம் எல்லப் பாதையில் திருப்பினான்.

“தம்பி, கட்டுநாயக்கவுக்குத்தானே போறோம்?”

“ஆமாண்ணே. பெரகல, பலாங்கொட சுத்திப் போனா வளைவு தாங்காது, புள்ளைங்க வாந்தி எடுக்கும். கீழ இறங்கி ஹைவேயப் புடிச்சிட்டா ஒரே ஓட்டம். தூரம் கூடத்தான். ஆனா தூங்கிக்கிட்டே போகலாம்.”

“நீயுமா?”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

எல்லவைத் தாண்டி இறங்கும்போது, இருட்டில் இராவணன் அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. விமானத்துக்கு ஆள் ஏற்றப் போகிற வேன் இராவணன் வாசல் வழியாகப் போகிறது. புஷ்பக விமானத்தை நினைக்காமல் இருக்க முடியுமா? நான் நினைத்தது வேறொரு விமானத்தை. எயார் சிலோன் தன் முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10-ஆம் திகதி இரத்மலானையில் தொடங்கியது. பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. அந்த டக்கோட்டா விமானத்துக்கு வைத்த பெயர் ‘சீதாதேவி’. விமானத்தில் சீதையைத் தூக்கி வந்தது பழைய கதை. இங்கே சீதையே விமானமாகி, இலங்கையிலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனாள். பெயர் வைத்தவர் இதை யோசித்துத்தான் வைத்தாரா, இல்லை வாயில் வந்ததை வைத்தாரா என்று நினைத்து நினைத்து வெல்லவாய வரை போய்விட்டேன்.

சீதாதேவி பறந்த மறுவருடம்தான் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடில்லாதவனுக்கு ஏது பாஸ்போட்? 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அது கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டு போகமட்டும் ஆனது, திரும்பி வர அல்ல. அதைத்தான் நாலு அத்தியாயம் எழுதிவிட்டேனே. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35-ஆம் இலக்கச் சட்டம் 2003-இல்தான் வந்தது. சீதாதேவி பறந்து ஐம்பத்தாறு வருடம் கழித்து. மலையில் விமான நிலையம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். ஓடுபாதை லயத்து வாசலிலேயே இருந்திருந்தாலும் எங்கள் பாட்டனார் காலத்தில் யாரும் ஏறியிருக்க முடியாது.

அந்த வால் இன்னும் அறுபடவில்லை. வெல்லவாயவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது சின்னம்மா மகள் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து கடைசியாக ஒரு தடவை கடதாசிகளைச் சரிபார்த்தாள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயருக்கு நடுவில் ஒரு எழுத்துக் கூடுதல். அடையாள அட்டையில் அது இல்லை. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியதன் பலன். அந்த ஒரு எழுத்தைச் சரிபண்ண ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தாள். ஏழுக்கும் கொழுந்துச் சம்பளம் போனது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் சத்தியக் கடதாசியும் அதே உறையில் இருந்தது. ரொட்டிப் பார்சலை மடியிலிருந்து நழுவவிட்டாள். உறையைக் கடைசிவரை கையிலிருந்து விடவில்லை.

சரி, மயில்.

தணமல்வில தாண்டி, காடும் புதரும் பாதையின் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில், யானைக்காகத் தம்பி வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரத்தில் வேனின் வெளிச்சத்தில் பலகை ஒன்று மின்னியது. மத்தள சர்வதேச விமான நிலையம். சின்னம்மா மகளின் ஏழு வயது மகன் அதுவரை விழித்தேதான் இருந்தான். விமானப் படத்தைப் பார்த்ததும் “ஏர்போட் வந்திரிச்சி!” என்று கத்தினான். வேனில் பாதிப் பேர் எழுந்து தலைமுடியைச் சரிசெய்தார்கள்.

“இது இல்லடா தம்பி, நம்ம ஏர்போட்டுக்கு இங்கருந்து இன்னும் மூணு மணித்தியாலம்” என்றான் சாரதி.

யோசித்துப் பாருங்கள். ஹாலிஎலயிலிருந்து மலையிறங்கி ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் ஒரு சர்வதேச விமான நிலையத்தின் பக்கத்துக்கு வருகிறோம். அதைப் பார்த்துக் கும்பிடுபோட்டுவிட்டு, 2020 பெப்ரவரியில் திறந்த நெடுஞ்சாலை நீட்சியில் ஏறி, இன்னொரு சர்வதேச விமான நிலையத்துக்குப் போகிறோம். கதிர்காமத்துக்குப் போனவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நல்லூருக்கு வழி கேட்ட மாதிரி.

மத்தள 2013 மார்ச் 18-இல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீனாவின் எக்சிம் வங்கிக் கடன். ஓடுபாதை 3,500 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானமான ஏ380 இறங்கலாம். வருடத்துக்கு 10 இலட்சம் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஏர் அரேபியா வந்து சில கிழமைகளிலேயே விலகியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அதே மாதம் 17-ஆம் திகதியோடு ஸ்ரீலங்கன் நிறுத்தியது. ஃப்ளைதுபாய் மட்டும் 2018 வரை தாக்குப்பிடித்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளத்துக்கு ஒரு பக்கம் கடன், மறு பக்கம் காடு.

காடு என்று சொன்னது பேச்சுக்கு அல்ல. யானை, காட்டெருமை, மான், மயில் எல்லாம் நடமாடிய நிலம் அது. நடுவில் புதரை வெட்டி, சமன்படுத்தி, புல்லைக் குட்டையாக வைத்துப் பராமரித்தால் மயிலுக்கு வேறென்ன வேண்டும்? புல்லில் பூச்சி, விதை, ஓணான். நாலு திசையும் பார்வைக்குத் தெரிகிற வெட்டவெளி. ஆண் மயிலுக்குத் தோகை விரிக்க இதைவிட நல்ல மேடை அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கிடையாது. முருகனின் ஊர் பக்கத்தில் இருக்க, அவருடைய வாகனத்துக்கு நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மயில் மோதினால் விமானத்துக்கு என்ன ஆகும்? ஆண் மயில் 4 முதல் 6 கிலோ இருக்கும். 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓடுபாதையில் கிளம்பும் கட்டத்தில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைப்போம். மகனின் பள்ளிக்கூடப் பௌதிகப் புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ கோதுமை மா மூட்டை ஒன்றை 28 மீட்டர் உயரத்திலிருந்து தள்ளிவிட்டால் தரையில் விழும்போது எவ்வளவு சக்தி இருக்குமோ, அவ்வளவு. 28 மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாலு மாடித் தேயிலை ஃபெக்டரி ஒன்றின் தலையில் இன்னொரு ஃபெக்டரியைத் தூக்கி வைத்து, அந்தக் கூரையில் நின்று மா மூட்டையைத் தள்ளுங்கள். கீழே ஒரு விமானத்தின் மூக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி நாலு மடங்காகும். மயில் அப்படியே நின்றாலும் கணக்கு மாறாது, ஏனென்றால் வேகமெல்லாம் விமானத்துடையது. இதைச் சின்னம்மாவிடம் விளக்கினேன். “மயிலு பாவம்” என்றார். கணக்கு அவருக்கும் சரியாகத்தான் புரிந்திருக்கிறது.

2016 மார்ச்சில் முந்நூறுக்கும் மேற்பட்ட இராணுவத்தினரையும் பொலிசாரையும் இறக்கி, பட்டாசு கொளுத்தி, சத்தம் போட்டு ஓடுபாதைப் பக்கத்து விலங்குகளை விரட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் பன்றிக்குப் பட்டாசு வெடிப்போம். நாலு நாளில் திரும்பி வரும். அந்த வருடம்தான் ‘ஃபோர்ப்ஸ்’ சஞ்சிகையில் மத்தளவுக்கு உலகத்திலேயே வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று பட்டம் கிடைத்தது. வெறுமை மனிதக் கணக்கில்தான்.

அதற்கு முந்தின வருடம் நடந்தது இன்னும் ருசி. 2015-இல் விமானச் சரக்குக் கட்டடத்தில் நெல்லைச் சேமித்து வைத்தார்கள். விளைச்சல் அதிகம், நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் களஞ்சியம் போதவில்லை. இங்கே கட்டடம் சும்மா கிடந்தது. நாடே சிரித்தது. எனக்கு மட்டும் அதில் ஏதோ நியாயம் தெரிகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அந்த வருடம் தேவைப்பட்டது விமானமா, களஞ்சியமா? வெல்லவாய, தணமல்வில விவசாயியிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார். ஆனால் பறவைகளை விரட்ட வேண்டிய இடத்தில் நெல்லைக் கொண்டுவந்து வைத்த மூளைக்கு ஒரு சபாஷ் போட்டே ஆக வேண்டும்.

அத்தனை வெறுமையிலும் மத்தளவுக்குச் சில நல்ல நாட்கள் இருந்தன. 2018 ஏப்ரலில் அன்டனோவ் 225 அங்கே இறங்கியது. ஆறு எஞ்சின், உலகின் மிகப் பெரிய சரக்கு விமானம், ஒன்றே ஒன்று கட்டி முடித்தது. அதன் பெயர் ‘ம்ரியா’. உக்ரைன் மொழியில் கனவு என்று பொருள். எரிபொருள் போட்டுக்கொண்டு போய்விட்டது. 2022-இல் போரில் அதுவும் எரிந்தது. 2020 பெருந்தொற்றில், வெளிநாட்டில் சிக்கியவர்களை ஏற்றி வந்த சிறப்பு விமானங்கள் சில மத்தளவில் இறங்கின. கட்டி ஏழு வருடம் கழித்து, வேலைக்குப் போனவர்கள் வந்திறங்கும் விமான நிலையமாக அது சில நாள் இருந்தது.

பிறகு ஏன் சின்னம்மா மகள் அங்கே ஏறுவதில்லை? சாரதித் தம்பியிடம் கேட்டேன்.

“அண்ணே, பஸ் ஸ்டாண்டு கட்டுனா பஸ் வருமா? பஸ் வர்ற எடத்துலதானே ஸ்டாண்டு. ஏஜென்சி கொழும்புல, மெடிக்கல் கொழும்புல, டிக்கெட் அங்கதான் போடுறான். கட்டுநாயக்கவுல ராவும் பகலும் பிளேன் ஏறுது. இங்க மயிலு ஏறுது.”

முனையமும் ஓடுபாதையும் பற்றி இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். இதைக் கேட்டபின் கிழித்துவிட்டேன்.

விடியற்காலை கட்டுநாயக்கவில் நடந்ததை விரிவாக எழுதப்போவதில்லை. வழியனுப்புகிறவர்கள் எதுவரை போகலாமோ அதுவரை போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி கொஞ்ச தூரம் தெரிந்தது. பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். மூக்கு பட்ட இடத்தில் வட்டமாக ஆவி படிந்தது. சின்னம்மா அதை முந்தானையால் துடைத்தார். வேனில் திரும்பி ஏறியபோது, வந்தபோது இருந்ததைவிட ஒரு இடம் அதிகமாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

திரும்பும்போது மத்தள வெளியேற்றத்தில் இறங்கினோம். பகல் பதினொரு மணி. காட்டோரம் வேலிக்கம்பத்தின்மேல் ஒரு ஆண் மயில், தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு. தம்பி ஹோர்ன் அடித்தான். அசையவில்லை. பையன் தலையை வெளியே நீட்டி, “இதுதான் பிளேன முட்டுறதா?” என்று கேட்டான். வேனுக்குள் பிள்ளையார் பக்கத்தில் இருந்த இறகையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். வெல்லவாய வரைக்கும் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

பதுளை விமான நிலையமா? ஆசிரியர் இப்போதே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அடுத்த கிழமை. ஜூலையில் ஊவாவுக்கு இறங்கும் கச்சான் காற்றிலிருந்து தொடங்குகிறேன். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்று மலையில் இறங்கப் பார்க்கிற விமானத்தை என்ன செய்யும் என்பது ஒரு விசயம். 1974 டிசம்பர் 4-இல் 191 பேரோடு ஏழு கன்னி மலையில் மோதிய விமானம் இன்னொன்று. அதன் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் வைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதே வேன்தான், தம்பி பெற்றோல் காசு முன்கூட்டியே கேட்கிறான்.

(தொடரும்)