சுரங்கம் மூடியது, விண்ணில் திறக்குமா நியூட்ரினோ வாசல்?

புதுதில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள கோலார் தங்கவயலுக்கு அறிவியல் வரலாற்றிலும் இடம் உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த அச்சுரங்கத்தில், 2 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் சுவடு 1965-இல் பதிவானது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து நிகழ்த்திய சாதனை அது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலைக்கும் நீருக்கும் கேடு நேரும் என்ற எதிர்ப்பு வலுத்தது. திட்டத்தை ஏற்க இயலாது என 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலையைக் குடையாமலே நியூட்ரினோவின் ஆதி வரலாற்றை அறிய ஈர்ப்பு அலைகள் உதவக்கூடும் என்பது இயற்பியலாளர்களின் எதிர்பார்ப்பு. பெருவெடிப்பு நிகழ்ந்த ஏறத்தாழ ஒரு விநாடியில் நியூட்ரினோக்கள் பிற துகள்களின் பிடியிலிருந்து விடுபட்டன. இன்றும் ஒரு கன சென்டிமீட்டர் வெளியில் சராசரியாக சுமார் 336 இருப்பதாகக் கணக்கிடப்பட்டாலும், அவற்றை நேரடியாக எவரும் கண்டதில்லை. ஆனால், தடையின்றிப் பாய்ந்த அவை, அன்றைய ஈர்ப்பு அலைகளின் ஆற்றலை உறிஞ்சியிருக்க வேண்டும். அலைவீச்சின் வர்க்கம் 35.6 சதவீதம் வரை குறையும் என நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பெர்க் 2004-இல் கணக்கிட்டார். அளவீடு இதிலிருந்து மாறுபட்டால், நியூட்ரினோக்கள் தமக்குள் மோதிக்கொண்டனவா என்ற ஐயம் எழும்.

அந்தத் தடயத்தைப் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் தேட வேண்டும். ஆதி ஈர்ப்பு அலைகளைக் கண்டதாக அண்டார்க்டிகாவில் இயங்கிய 'பைசெப்-2' குழு 2014-இல் அறிவித்தது. அது விண்மீன் மண்டலத் தூசியின் விளைவாக இருக்கலாம் என அடுத்த ஆண்டே தெரியவந்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமைக்க 2023-இல் ஒப்புதல் பெற்ற லைகோ-இந்தியா மையமும் இதற்கு உதவாது; கருந்துளை மோதல்கள் எழுப்பும் குறுகிய அலைகளுக்கானது அது.

இதற்கென 'சிஎம்பி-பாரத்' என்னும் செயற்கைக்கோள் திட்டத்தை இந்திய விஞ்ஞானிகள் இஸ்ரோவிடம் முன்மொழிந்தனர். அது நிறைவேறினால், 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே அது விண்ணேற இயலும்.

எனினும், இது பொட்டிபுரத்துக்கு மாற்றாகாது. நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவதே அந்த ஆய்வகத்தின் முக்கிய நோக்கம். செயற்கைக்கோள் தேடுவது முதல் விநாடிகளின் சுவட்டை. கோலாரில் முந்திய நாடு, மண்ணுக்கடியிலும் விண்ணிலும் ஒருசேரப் பின்தங்குமா என்பதே தில்லி விடை கூற வேண்டிய கேள்வி.