வறண்ட புல்வெளிக்குப் புதிய ரகம்: கொழுக்கட்டைப் புல்லும் ‘விளைச்சல்’ என்னும் சொல்லும்

ஒரு பயிருக்கென வழங்கிய கலைச்சொல் மற்றொரு பயிருக்குச் செல்லும்போது தன் பழைய பொருளையும் உடன் கொண்டு செல்கிறது. ‘ரகம்’, ‘விளைச்சல்’, ‘மேம்பட்ட’ ஆகிய சொற்கள் நெல், பருத்தி முதலிய பயிர்களின் ஆராய்ச்சியில் நிலைபெற்றவை. ஆண்டுதோறும் விதைத்து அறுக்கப்படும் பயிரை மனத்திற்கொண்டு எழுந்த இச்சொற்கள், ஒருமுறை வேரூன்றிப் பல ஆண்டுகள் நின்று மேயப்படும் புல்லுக்கும் அப்படியே வழங்குகின்றன. வறண்ட நிலத்துக்கான தீவனப்புல் ரகம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதை விளக்குவதும், இச்சொற்கள் அங்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம். சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது கொழுக்கட்டைப் புல்.

பெயர்கள்

தமிழில் கொழுக்கட்டைப் புல் என்று வழங்கும் இப்புல் வடமேற்கு இந்தியாவில் அஞ்சன் என்றும் தாமன் என்றும் அழைக்கப்படுகிறது. லின்னேயஸ் 1771இல் இதற்குச் செங்கரஸ் சிலியாரிஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் சிறுதானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இரண்டாவது இமைமயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. கதிரிலுள்ள மென்மயிர்களைப் பார்த்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். லிங்க் 1827இல் இதனைப் பென்னிசீட்டம் என்னும் பேரினத்துக்கு மாற்றினார். அதன்பின் இரு பெயர்களும் நூல்களில் மாறிமாறி வழங்கின. 2010இல் வெளிவந்த ஒரு வகைப்பாட்டாய்வு பென்னிசீட்டம் முழுவதையுமே செங்கரஸில் அடக்கிவிட்டது. அதன்படி நம் கம்பும் இப்போது ஒரு செங்கரஸ். கொழுக்கட்டைப் புல் கம்புக்கு நெருங்கிய உறவு என்பது பெயரளவிலும் உறுதியாயிற்று.

மக்கள் வழக்கில் குழப்பம் வேறு வகையானது. அஞ்சன் என்னும் பெயர் ஹார்ட்விக்கியா பினாட்டா என்னும் மரத்துக்கும் உண்டு. அம்மரத்தின் கீழ் இப்புல்லை வளர்க்கும் ஆய்வுகளும் நடந்திருப்பதால், ‘அஞ்சனின் கீழ் அஞ்சன்’ என்று எழுத நேரும் விந்தை நிலையும் உண்டாகிறது. இது சிரித்துவிட்டுப் போகத்தக்கது. மோடா தாமன் என்னும் பெயர் அத்தகையதன்று. அது செங்கரஸ் செட்டிகெரஸ் என்னும் தனி இனம், உயரம் குறைந்தது, குறைந்த மழையையும் கடுமையான மேய்ச்சலையும் கூடுதலாகத் தாங்குவது. விதை வாங்குவோர் ‘மோடா’ என்னும் அடையை விட்டுவிட்டுத் ‘தாமன்’ என்று மட்டும் கேட்டால் வேறொரு புல்லைப் பெறுவர். அப்பிழை மழை பொய்த்த ஆண்டில்தான் வெளிப்படும்.

நிலம்

இந்தியப் புல்வெளிகளை ஐந்து பெரும் வகைகளாகப் பகுத்து தபட்காவ், சங்கரநாராயண் ஆகியோர் 1973இல் வெளியிட்ட நூலில், வடமேற்கின் வறண்ட பகுதிக்குரிய வகை டைகாந்தியம், செங்கரஸ், லாசியூரஸ் என்னும் மூன்று புற்களின் பெயரால் சுட்டப்படுகிறது. மூன்றாவது, ராஜஸ்தானியர் சேவண் என்று போற்றும் புல்; ஜெய்சால்மரைச் சுற்றிய மணற்பகுதிக்குரியது. அங்கு ஆண்டு மழை 200 மி.மீ.க்கும் குறைவு. ஜோத்பூரில் அது ஏறக்குறைய 360 மி.மீ.; அங்குக் கொழுக்கட்டைப் புல் நன்கு நிற்கும். சராசரி என்பது இங்குப் பெரும்பாலும் எண் மட்டுமே. ஓராண்டு சராசரியின் இருமடங்கு பெய்வதும் மறு ஆண்டு பாதியும் பெய்யாமற்போவதும் இயல்பு. தமிழகத்தில் காங்கயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடுகளில் வெள்வேல மரங்களுக்கிடையே, கிளுவை வேலிக்குள் நிற்பதும் இப்புல்லே.

இனவிருத்தி

புதிய ரகம் என்றவுடன் இரு செடிகளைக் கலந்து பெற்ற சேய் என்றே எண்ணுகிறோம். கொழுக்கட்டைப் புல்லில் அது எளிதன்று. இப்புல் அப்போமிக்சிஸ் முறையில் விதை ஈனுவது. தமிழில் இதனைக் ‘கருவுறா வித்தாக்கம்’ என்பர். இச்சொல் முற்றிலும் சரியன்று என்பது என் கருத்து. சூலகத்தில் குறைவுப்பிரிவுக்கு உட்படாத ஓர் உயிரணு, தாயின் குரோமோசோம்கள் அனைத்தையும் உடையதாய், ஆணணுவின் சேர்க்கையின்றிக் கருவாகிறது. ஆயினும் அக்கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை உருவாவதற்கு மகரந்தம் வேண்டும். மகரந்தம் வருகிறது, தன் பங்கைச் செய்கிறது, ஆனால் சேய்க்குத் தந்தை ஆவதில்லை. ‘தாய்வழி வித்தாக்கம்’ என்பது இதனினும் பொருத்தமான சொல்லாகலாம்.

இதன் விளைவுகள் இரண்டு. ஒரு நல்ல செடி கிடைத்தால் அதன் விதையெல்லாம் அதன் படியே. பெருக்குவோர்க்கு இது பெரும் பேறு. மறுபுறம், கலப்பு நிகழாமையால் புதியன தோன்றுவது அரிது. எனவே இந்தியாவில் இப்புல்லின் ரக உருவாக்கம் நெடுங்காலம் திரட்டலும் தேர்வுமாகவே இருந்துவந்துள்ளது. 1959இல் ஜோத்பூரில் அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் (காஸ்ரி), 1962இல் ஜான்சியில் அமைந்த இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும் பல இடங்களிலிருந்து விதை திரட்டி, வரிசைகளில் வளர்த்து, சிறந்தவற்றைப் பிரித்தெடுத்தன. காஸ்ரி 75 எனப்படும் ‘மார்வார் அஞ்சன்’, ஜான்சியின் ‘புந்தேல் அஞ்சன்’ வரிசை ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெருங்கிய இனமொன்றில் கோ 1 என்னும் நீலக் கொழுக்கட்டையை வெளியிட்டது.

அமெரிக்காவின் டெக்சசில் பாஷா என்பார் பாலினப்பெருக்கம் செய்யும் ஓர் அரிய செடியைப் பற்றி 1962இல் எழுதினார். அத்தகைய செடியைத் தாயாகக் கொண்டால் கலப்பு இயலும். சேய்களுள் தாய்வழி வித்தாக்கம் உடையதைத் தேர்ந்தால் அக்கலப்பு பிரியாமல் நிலைத்துவிடும். ஆனால் ஒரே செடியின் படிகளால் பெரும்பரப்பை நிரப்புவதில் இடர் உண்டு. டெக்சசிலும் வட மெக்சிகோவிலும் கென்ய விதையிலிருந்து வந்த ஒரே வகை பரந்து கிடந்தது. 1996இல் அங்கு ஓர் இலைக்கருகல் நோய் தோன்றியபோது, நோயைத் தாங்கும் வேறு வகை அந்தப் புல்வெளிகளில் கலந்திருக்கவில்லை.

மதிப்பீடு

தேர்ந்தெடுத்த வகைகளை ஒப்பிட 1970 முதல் அகில இந்திய ஒருங்கிணைந்த தீவனப் பயிர்கள் ஆராய்ச்சித் திட்டம் இயங்கிவருகிறது. புதிய வகையைப் பல மையங்களில், ஏற்கெனவே வெளியான ரகத்துக்கு அருகில், மறுசெய்கைகளோடு நட்டு, உரிய பருவத்தில் அறுத்து நிறுக்கின்றனர். பசுந்தீவன எடை, உலர் எடை, புரத அளவு, இலைக்கும் தண்டுக்கும் உள்ள விகிதம் ஆகியன குறிக்கப்படுகின்றன. பல்லாண்டுப் புல் ஆதலால் ஓராண்டோடு இது முடிவதில்லை.

இங்கேதான் ‘விளைச்சல்’ என்னும் சொல் தடுமாறுகிறது. ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். நான்கு ஆண்டுகளில் ஒரு வகை எக்டேருக்கு 50, 48, 6, 4 குவிண்டால் உலர்தீவனம் தருகிறது, சராசரி 27. மற்றொன்று 34, 30, 22, 18 தருகிறது; சராசரி 26. அட்டவணையில் முதல் வகையே முன் நிற்கும். ஆனால் மழை மிகுந்த முதல் ஈராண்டுகளில் ஊரெங்கும் புல் இருக்கும். ஆட்டுக்காரருக்கு அவ்வாண்டுகளில் முறையே கூடுதல் 16, 18 குவிண்டாலால் பெரும் பயனில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் 6க்கும் 22க்கும், 4க்கும் 18க்கும் உள்ள வேறுபாடே மந்தையை விற்பதா வைத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்கும். நெல்லின் சராசரி களஞ்சியத்தில் சேர்ந்து நிற்கும். மேய்ச்சற்புல்லை வைக்கோற்போராக்கிச் சேமிக்காதவிடத்து அதன் சராசரி எங்கும் சேர்வதில்லை.

அரிவாளும் கால்நடையின் வாயும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. அரிவாள் யாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டுகிறது. ஆடு தேர்ந்து கடிக்கிறது. மாடு நாவால் சுழற்றி இழுக்கிறது. குளம்பு தூரை மிதிக்கிறது. அறுப்பில் முதலிடம் பெற்ற வகை மேய்ச்சலில் தூர் சிதைந்து மறையக்கூடும். எனவே அட்டவணையில் ‘விளைச்சல்’ என்னும் ஒற்றைத் தலைப்பை ‘அறுப்பெடை’, ‘வறட்சியாண்டு எடை’, ‘எஞ்சிய தூர்’ என்று பிரிப்பது நலம். இவற்றுள் மூன்றாவதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஐந்தாம் ஆண்டில் பாத்தியில் நடந்து தூர்களை எண்ணினால் போதும்.

சட்டத்தின் மதிப்பீடு வேறு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு ரகத்தில் வேறுபாடு, ஒருமை, நிலைப்பு ஆகிய மூன்றையும் நாடுகிறது. பின்னிரண்டும் இப்புல்லுக்கு அதன் விதைப்பு முறையாலேயே வாய்த்தவை. வேறுபாடு என்பது மொழியியலார்க்குப் பழகிய கருத்து: ஒரு கூறேனும் தெளிவாக மாறுபட வேண்டும், அம்மாறுபாடு நல்லதா என்னும் வினா அங்கு எழுவதில்லை. பெயரைப் பற்றியும் அச்சட்டத்தில் ஒரு விதி உண்டு. எண்களால் மட்டும் ஆன பெயர் பதிவு பெறாது. ‘75’ என்று மட்டும் பெயரிட இயலாது. ‘மார்வார் அஞ்சன்’ எனலாம்.

விதை

மதிப்பீட்டில் பின்தள்ளப்படும் மற்றொன்று விதை. கொழுக்கட்டைப் புல்லின் கதிர் ஒருங்கே முதிர்வதில்லை. முதிர்ந்தது உதிர, முதிராதது நிற்கும். மயிரடர்ந்த விதை காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், விதைக்கும் கருவியில் வழுவி இறங்காது. புதிதாகத் திரட்டிய விதைக்குச் சில மாத உறக்கமும் உண்டு. களிமண், சாணம், மணல் ஆகியவற்றோடு பிசைந்து சிறு உருண்டைகளாக்கி விதைக்கும் முறை ராஜஸ்தானில் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். உருண்டை காற்றில் பறவாது. எனினும் எக்டேருக்குச் சில கிலோ விதையே வேண்டும் எனினும், அச்சில கிலோவைக் கையால் உருவித் திரட்டும் கூலியே ரகத்தின் பரவலைக் கட்டுப்படுத்துகிறது. விதை தாராத சிறந்த ரகம் அறிக்கையில் மட்டுமே வாழும்.

இறுதியாக ஒன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் அரிசோனாவின் சோனோரன் பாலைவனத்திலும் இப்புல் இன்று களை எனப்படுகிறது. அது செடிகளுக்கிடையே நெருங்கி வளர்ந்து உலர்ந்து தீயைப் பரப்புவதால், தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகள் அழிகின்றன. ராஜஸ்தானில் இது மண்ணுக்குரிய புல், அவ்வச்சம் அங்கில்லை. ஆனால் அங்கும் ஒரு புதிய ரகத்தைப் பரப்பெங்கும் விதைத்தால் உள்ளூர் வகைகள் இடமிழக்கும். தாய்வழி வித்தாக்கத்தால் அவை புதிய ரகத்தோடு கலந்தும் பிழைக்கமாட்டா. ஓரணையும் ஊர் மேய்ச்சலையும் உழுவதற்கு முந்திய பருவத்தில் அங்குள்ள வகைகளின் விதையைத் திரட்டி, இடப்பெயரோடும் ஊரார் இட்டு வழங்கும் பெயரோடும் விதை வங்கியில் சேர்த்துவிட வேண்டும்.