நாயின் வாலிற் பட்ட காயம்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை ஆகிய ஊர்களைக் கடந்து பாறசாலையை அடைந்தோமானால், அடுத்துச் சிறிது தொலைவிலேயே களியக்காவிளை வந்துவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு அவ்வாறு விழுந்ததேயன்றி, மக்களின் பேச்சு அக்கோட்டிற்குக் கட்டுப்படவில்லை. கோட்டிற்கு அப்பாலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. இப்பாலும் மலையாளம் பேசுவோர் இருக்கின்றனர். ஒரே வீட்டில் தாய் ஒரு மொழியிலும் மக்கள் மற்றொரு மொழியிலும் எழுத்தறிந்திருப்பது இங்கே புதுமையன்று.

வளர்ப்பு நாயின் வாலில் அடிபட்டால் வீட்டில் செய்யத்தக்கது யாது என்று கூறப் புகுந்த நாம், எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு முதலிற் கண்ணில் படுவது சொல்தான். மலையாளத்தில் 'முறிவு' என்றால் வெட்டுக்காயம், புண். தமிழில் முறிவு என்றால் எலும்பு முறிதல். அதனை மலையாளத்தார் 'ஒடிவு' என்பர். 'வாலில் முறிவு, வீட்டிலேயே கட்டலாம்' என்று மலையாளம் அறிந்தவர் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது தோற்புண்ணை, அது முற்றிலும் சரியான யோசனை. தமிழ் மட்டும் அறிந்தவர் அதைக் கேட்டு, ஒடிந்த வாலை வீட்டிலேயே இறுக்கிக் கட்டினால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு வால் அழுகிப்போக இடமுண்டு. 'நீரு' என்று அவர்கள் சொல்வது வீக்கம். நமக்கு அது தண்ணீர். 'பழுப்பு' அவர்களுக்குச் சீழ். நமக்கு ஒரு நிறம். 'வெள்ளம் கொண்டு கழுகு' என்பதைக் கேட்டு ஆற்று வெள்ளத்தையும் ஆகாயத்துக் கழுகையும் எண்ணிக்கொள்பவரும் உண்டு. நீரால் கழுவு என்பதே அதன் பொருள். ஆகவே எல்லைப்புறத்துக் கிராமங்களில் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்பவர்கள், பெயரைச் சொல்வதோடு நிற்காமல் இடத்தையும் விரலால் சுட்டிக்காட்டுவது நலம்.

நாயின் வால் முதுகெலும்பின் தொடர்ச்சியாகும். இனத்திற்கேற்ப ஆறு முதல் இருபத்துமூன்று வரையில் சிறு முள்ளெலும்புகள் அதில் கோத்திருக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய தசை, அதன்மேல் தோல். நுனியை நெருங்க நெருங்கத் தசை குறைந்து, தோல் எலும்பையே ஒட்டிக் கிடக்கும். அடிப்பக்கமாக ஓர் இரத்தக் குழாய் நெடுகிலும் ஓடுகிறது. இந்த அமைப்பை மனத்திற் கொண்டால் இரு செய்திகள் விளங்கும். ஒன்று, சிறு காயமேயாயினும் வாலில் இரத்தம் ஏன் அவ்வளவு சிந்துகிறது என்பது. நாய் வாலை ஆட்டும்போது அவ்விரத்தம் சுவர், கதவு, வேட்டி எங்கும் தெறித்துக் காண்பவர் கலங்கிப்போகிறார்கள். மற்றொன்று, நுனிக்காயம் ஏன் எளிதில் ஆறுவதில்லை என்பது. தசையும் இரத்தமும் குறைந்த இடம். அதுவும் ஒரு கணம் ஓய்வின்றி ஆடிக்கொண்டிருக்கும் இடம்.

வண்டிச் சக்கரம், சாத்திய கதவு, நாய்ச்சண்டை ஆகியவை வழக்கமான காரணங்கள். இவை தவிர, மகிழ்ச்சியே காரணமாகும் காயமும் ஒன்றுண்டு. இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற இனங்களைப் போல் சாட்டையை ஒத்த நீண்ட வாலும் குறைந்த மயிரும் உடைய நாய்கள், எசமானரைக் கண்ட களிப்பில் வாலைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்து நுனியைப் பிளந்துகொள்கின்றன. இப்பிரதேசத்தில் பூசாத வெட்டுகற் சுவர்கள் ஏராளம். அச்சுவரின் சொரசொரப்பான முகத்தில் நாள்தோறும் உராயும் வால் ஆறுவதற்கு வழியேது? நாயைக் கட்டும் இடத்தை மாற்றுவதே அங்கே முதல் மருந்து.

மருந்தைக் கையில் எடுக்கும் முன், வாலைப் பாராமல் நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெறிநோய். மலையாளத்தில் பேவிஷம் என்பர். அந்நோய் கண்ட நாய், முன்பு கடிபட்ட இடத்தைத் தானே வெறியோடு கடித்துக் குதறிக்கொள்வதுண்டு. நோயின் மற்றொரு வகையில் சீற்றமே இராது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக, குரல் மாறி, வாலும் பின்கால்களும் துவண்டு, நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். 'பாவம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது' என்று வாய்க்குள் கைவிட்டு ஆபத்தைத் தேடிக்கொள்வது இந்நிலையில்தான். நடத்தை மாறிய நாயின் வாலில் புண் இருந்தால் தொடுதல் கூடாது; அடைத்து வைத்துக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நோய்க்குறிகள் தோன்றிய பின் நாய்க்கும் மனிதருக்கும் இந்நோய் ஏறக்குறைய எப்போதும் மரணத்திலேயே முடிகிறது.

நாய் நல்ல நிலையில் இருந்தாலும், வலியினால் வீட்டாரையே கடிக்கக்கூடும். பல் பட்டாலோ, கையிலுள்ள கீறலில் எச்சில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நிமிடத்தைக் கடிகாரம் பார்த்தே எண்ணுக. அதன்பின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இடும் தடுப்பூசி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்ற கணக்கில் போடப்படுகிறது. ஆழமான கடிக்கு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் முதியோரிடையே இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே கைவிடப்பட்டது. அவ்வச்சத்தால் கடியை மறைப்பவர்கள் இனியும் மறைக்க வேண்டுவதில்லை. கடித்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால் ஐயம் நீங்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பத்து நாளைக் காத்திருந்துவிட்டு ஊசிக்குச் செல்வது முறையன்று.

இனி வாலுக்கு வருவோம். இருவர் தேவை. நாய்க்கு மிகவும் பழகியவர் தலைப்பக்கம் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முரண்டு செய்யும் நாய்க்கு, நீண்ட துணிப்பட்டையால் மூக்கின்மேல் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, பின் காதுகளுக்குப் பின்புறம் ஓர் உருவுமுடிச்சு என்று வாய்க்கட்டுப் போடலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், மூக்குச் சப்பையான இனங்களுக்கும் இது ஆகாது. நாய் வாயைத் திறந்து மூச்சுவிட்டே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகையால் மற்ற நாய்களுக்கும் வாய்க்கட்டு சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கலாகாது.

இரத்தம் வந்துகொண்டிருந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் விடாது அழுத்த வேண்டும். அரை நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதால் உறைந்த இரத்தம் கலைந்து மறுபடியும் ஒழுகுகிறது. துணி நனைந்தால் அதன்மேலேயே மற்றொன்றை வைக்கலாம். நூலாலோ ரப்பர் வளையத்தாலோ வாலை இறுகக் கட்டி இரத்தத்தை நிறுத்துவது வேண்டாம். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த இவ்வூர்களில் ரப்பர் வளையத்திற்குப் பஞ்சமில்லை. மறந்துபோன ஒரு வளையம் மயிருக்குள் மறைந்து சில நாட்களில் வாலையே இழக்கச் செய்துவிடும்.

இரத்தம் நின்றபின் காயத்தை நன்றாகப் பார்க்கவேண்டும். தோல் மட்டும் உரிந்திருக்கிறதா, எலும்பு தெரிகிறதா, வால் வழக்கமில்லாத கோணத்தில் வளைந்திருக்கிறதா, நுனி குளிர்ந்து கறுத்திருக்கிறதா? தோற்காயம் ஒன்றே நம் கைக்குரியது, மற்றவை மருத்துவருக்குரியவை. வாலை யாரேனும் பிடித்து இழுத்ததனாலோ, வண்டியில் சிக்கியதனாலோ அடிவாலில் ஊறு நேர்ந்திருந்தால் பின்னும் கவனம் தேவை. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்புகள் அவ்விடத்திற்கு அருகிலிருந்தே பிரிகின்றன. வால் துவண்டு, நாய் அறியாமலே சிறுநீர் சொட்டினால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கேரளத்தில் மிருகாசுபத்திரி என்றும், தமிழ்நாட்டில் கால்நடை மருந்தகம் என்றும் பெயர்ப்பலகை இருக்கும், இரண்டும் ஒன்றே.

காயத்தின்மேல் நனைந்த துணித்துண்டை வைத்து மறைத்துக்கொண்டு, சுற்றியுள்ள மயிரை முனை மழுங்கிய கத்தரியால் வெட்ட வேண்டும். இல்லையேல் மயிர்த்துணுக்குகள் புண்ணுக்குள் போய்விடும். கழுவுவதற்கு, கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஒன்பது கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியால் தலைதட்டி ஒன்றரைக் கரண்டி, கலந்தால் போதும். ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சியில் இந்நீரை எடுத்துப் பீய்ச்சினால் மண்ணும் அழுக்கும் அகலும். அதன்பின் பொவிடோன் அயோடின் கரைசலை அதே உப்புநீரில் கலந்து தடவலாம். எவ்வளவு கலப்பது என்பார்க்கு, பாறசாலைச் சந்தியிலுள்ள எந்தத் தேநீர்க் கடையிலும் விடை கிடைக்கும்: லேசான கட்டன்சாயாவின் நிறம் வந்தால் போதும், அதற்குமேல் கறுத்தால் புண்ணையே அரிக்கும்.

காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை அப்பும் வழக்கம் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறது. மஞ்சளைப் பற்றி நமக்கு மதிப்பு உண்டெனினும், கடையில் வாங்கிய பொடியைத் திறந்த புண்ணில் தூவுவதை நாம் ஆதரிக்கவில்லை. பொடி கட்டிதட்டி அடியில் சீழ் மறையும். மனிதருக்குரிய வலிமாத்திரைகளைக் கொடுப்பது இன்னும் பெரிய தீங்கு. ஐபுப்ரோபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். எந்த மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தருதல் கூடாது.

கட்டுவதில்தான் கைத்திறன் வேண்டும். வழுவழுப்பான கூம்பு போன்ற உறுப்பில் எந்தக் கட்டும் நிற்பதில்லை. நாய் இரண்டு முறை ஆட்டினால் கட்டு கழன்று முற்றத்தில் கிடக்கும். ஆகவே முதலில் புண்ணில் ஒட்டாத வாசலின் பூசிய காஸ் துணியை வைக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய பஞ்சுச் சுருள். அதன்மேல் கிரேப் துணியை நுனியிலிருந்து அடிநோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடுமாறு சுற்ற வேண்டும். காயம் நுனியில் மட்டும் இருந்தாலும் கட்டு வாலின் நீளத்தில் பாதியாவது ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு சில சுற்றுக்கும் இடையே கொஞ்சம் மயிரை மேல்நோக்கி மடித்துத் துணிக்குள் சிக்கவைத்தால் பிடிப்பு கிடைக்கும். முடிவில் பிளாஸ்திரியைக் கட்டிலிருந்து மயிர்மீது ஏறுமாறு சாய்வாக ஒட்டலாம். வாலைச் சுற்றி முழு வளையமாக இறுக்கி ஒட்டலாகாது. கட்டுக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் சிறிது நுழைய இடம் இருக்க வேண்டும். சுவரில் மோதும் வாலுக்கு, இருமுனையும் வெட்டிய பெரிய சிரிஞ்சியின் குழாயையோ இலேசான பஞ்சுக் குழாயையோ கட்டின்மேல் உறையாக மாட்டிக் காற்றுப்புக விடலாம்.

கட்டி முடிந்த கணமே நாய் தன் பல்லால் அதை அவிழ்க்கத் தொடங்கும். கழுத்தைச் சுற்றி அணிவிக்கும் புனல்போன்ற காப்பு மருந்துக்கடையில் கிடைக்கும். கிடைக்காத ஊரில் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பைத் துணியால் பொதிந்து செய்துகொள்ளலாம். உண்ணும்போது மட்டும் நம் கண்ணெதிரில் கழற்றலாம்.

கட்டை நாள்தோறும், தவறினால் ஒருநாள் விட்டொருநாள், மாற்ற வேண்டும். இவ்விடங்களில் இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு மழைக்காலங்கள் உண்டு. நனைந்த கட்டு கட்டில்லாமையைவிடக் கேடானது. வெளியே அழைத்துச் செல்லும்போது ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, திரும்பியதும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் உள்ளே வியர்த்துப் புண் ஊறும். துர்நாற்றம், கட்டுக்கு மேலோ கீழோ வீக்கம், நுனியில் குளிர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் உடனே அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஈ மொய்த்து முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைக்கும். சிறு துவாரந்தானே என்று தோன்றும். புழுக்கள் அதனுள்ளே தோலுக்கடியில் நெடுந்தூரம் குடைந்திருக்கும். அதை வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீர்க்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்வதே தக்கது. வேறு விலங்கு கடித்ததால் உண்டான காயமாயின், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று போடப்பட்டது என்ற சீட்டையும் கொண்டுபோக வேண்டும்.

சில வாரங்கள் கட்டியும் நுனிப்புண் மீண்டும் மீண்டும் திறந்துகொண்டால், வாலின் ஒரு பகுதியை நீக்கிவிடலாம் என மருத்துவர் கூறக்கூடும். அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யவேண்டிய அறுவை. ஊரில் கைப்பழக்கமுள்ள ஒருவர் அரிவாளால் வெட்டிவிடுவார் என்று நம்புவது கொடுமை மட்டுமன்று, குற்றமும் ஆகும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. முறையாகக் குறைக்கப்பட்ட வாலோடு நாய்கள் ஓடுவதற்கும் தாவுவதற்கும் விரைவில் பழகிவிடுகின்றன. ஒடிந்து தானாகக் கூடிய வாலில் ஒரு கோணல் நிலைத்து நிற்பதும் உண்டு. அதனால் நாய்க்கு வலியில்லை. அதை நிமிர்த்த வேண்டியதுமில்லை.