திட்டமிட்டுக் கற்றல்

வீடு கட்டப் புகுவோன் கல்லையும் மரத்தையும் வாங்கிக் குவித்துவிட்டு, அதன்பின் எத்தனை அறைகள் வேண்டும் என்று எண்ணத் தொடங்குவதில்லை. நிலத்தின் அளவையும் கையிலுள்ள பொருளின் அளவையும் அறிந்து, அவற்றிற்கேற்ப வரைபடம் வகுத்துக்கொண்ட பின்னரே கடைக்கால் தோண்டுகிறான். கல்விக்கும் இஃது ஒக்கும். கல்வியாகிய வீட்டிற்கு வேண்டும் முதன்மைப் பொருள் காலமே ஆகும். ‘எந்த நூலைப் படிப்பது?’ என்று வினவுவோர் பலர். ‘அதனைப் படித்தற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அந்நேரம் எனக்கு எங்கே உள்ளது?’ என்று வினவுவோர் சிலரே. திருவள்ளுவர் ‘காலமறிதல்’ எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அஃது அரசர்க்கு உரைத்ததாயினும் மாணவர்க்கும் பொருந்துவதே. காலத்தை அளந்து கல்வியை வகுத்துக்கொள்ளும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பிரிட்டன் நாட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரு கல்வி நிலையம் உண்டு. கல்லூரிக்குச் செல்ல வாய்ப்பற்ற மக்களுக்காக ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ ஒன்று வேண்டும் என்று ஹெரால்டு வில்சன் 1963-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிற் பேசினார். அடுத்த ஆண்டில் அவர் தலைமை அமைச்சரானார். அப்பணியை முன்னின்று நிறைவேற்றியவர் ஜென்னி லீ என்னும் பெண் அமைச்சர். அவர் ஸ்காத்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். உழைப்பவர் வீட்டில் கல்விக்கு உள்ள தடைகளை நன்கறிந்தவர். பல்கலைக்கழகம் 1969-இல் அரச பட்டயம் பெற்றது. 1971-இல் முதன்முதலாக மாணவரை ஏற்றது. அக்காலத்தில் பாடங்கள் அஞ்சலிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சென்றன. இக்காலத்தில் இணையத்தின் வழியாகவும் செல்கின்றன. இளநிலைப் பாடங்களுள் பெரும்பாலானவற்றிற்கு முன்தேர்வு எதுவும் கேட்பதில்லை. கதவு எல்லார்க்கும் திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்தவர் வழி தவறாமல் நடத்தலே அரிது.

இப்பல்கலைக்கழகம் வழங்கும் பட்டங்களுள் ஒன்று, ஆங்கில இலக்கியத்தையும் படைப்பெழுத்தையும் ஒருங்கே பயில்வது. இதனைக் கற்க விரும்பும் ஒரு பெண்மணியை மனத்திற்கொள்வோம். அவர் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரிபவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பதினாறாம் வயதில் பள்ளியை விட்டவர். நூல்களின்பால் உள்ள காதல் மட்டும் அவரை விட்டகலவில்லை. இவர் திட்டமின்றித் தொடங்கி இடைவழியில் நின்றுவிடின், இழப்பது பொருள் மட்டுமன்று. ‘படிப்பு எனக்கு வாராது’ என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் என்றைக்குமாகக் குடிபுகுந்துவிடும். ஆகலின், அவர் வகுக்கும் திட்டம் வெறும் அட்டவணையன்று. அவருடைய தன்னம்பிக்கைக்குக் காவலும் ஆகும்.

முதலாவதாகக் கணக்கு. பட்டம் பெறுவதற்கு 360 கிரெடிட்டுகள் வேண்டும். கிரெடிட் என்பது கற்கும் உழைப்பை அளக்கும் ஓர் அலகு. ஓர் அலகுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டு வழக்கு. எனவே, பட்டத்தின் முழு அளவு 3600 மணி நேரம் ஆகும். முழுநேர மாணவர் ஆண்டுக்கு 120 அலகு வீதம் மூன்றாண்டில் இதனை முடிப்பர். நம் செவிலியோ ஆண்டுக்கு 60 அலகுகளே எடுத்துக்கொள்கிறார், ஆறாண்டுகள் ஆகும். 60 அலகு என்பது 600 மணி நேரம். கற்கும் பருவம் அக்டோபர் முதல் ஜூன் வரை ஏறத்தாழ 35 வாரங்கள் எனக் கொள்வோமாயின், வாரத்திற்குப் பதினேழு மணி நேரம் தேவைப்படும். பணிநாள் ஐந்தில் நாளுக்கு இரண்டு மணி வீதம் பத்து, சனி, ஞாயிறுகளில் மூன்றரை மணி வீதம் ஏழு, ஆகப் பதினேழு. இவ்வாறு எழுதிப் பார்த்த பின்னரே, ‘இஃது என்னால் இயலும்’ என்றோ, ‘இவ்வாண்டு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்றோ அவர் முடிவு செய்தல் தகும்.

இரண்டாவதாகப் படிமுறை. 360 அலகுகளும் 120 வீதம் மூன்று படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதற்படி அகலமானது, கலை, வரலாறு, இலக்கியம் முதலிய துறைகளின் வாயில்களை அறிமுகம் செய்வது. அங்குப் பெறும் மதிப்பெண் பட்டத்தின் தரத்தைக் கணக்கிடுங்கால் சேர்வதில்லை, தேறினாற் போதும். எனவே, தவறு செய்து திருந்துவதற்கு அதுவே உரிய காலம். கட்டுரை எழுதும் முறையையும் மேற்கோள் ஆளும் முறையையும் அப்பொழுதே பழகிக்கொள்ளுதல் வேண்டும். இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் இலக்கியமும் எழுத்தும் இணையாக நடைபோடுகின்றன. மூன்றாம் படியின் மதிப்பெண்ணுக்கு எடை மிகுதி. ஆகவே, பணியிலும் இல்லத்திலும் சுமை குறைந்த ஆண்டுகளை இறுதிப் படிக்கென ஒதுக்கிவைத்தல் அறிவுடைமை.

மூன்றாவதாக, நூல்களை அளந்தறிதல். ஜார்ஜ் எலியட் என்பவர் எழுதிய ‘மிடில்மார்ச்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநாவல்களுள் ஒன்று. அது பல பதிப்புகளில் 800 பக்கங்களை ஒட்டியது. மணிக்கு 30 பக்கம் படிப்போர்க்கு அதனை ஒருமுறை படித்து முடிக்கவே ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும். வாரத்திற்குப் பதினேழு மணி நேரமே உடையவர் பருவம் தொடங்கிய பின் அதனைக் கையில் எடுப்பாராயின், ஒன்றரை வாரத்திற்கும் மேலாக வேறொன்றும் செய்ய இயலாது. ஆராய்ச்சியுரை படிக்கவும் குறிப்பெடுக்கவும் கட்டுரை எழுதவும் நேரம் எஞ்சாது. ஆனால், பாடம் நடவாத ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நாளுக்குப் பத்துப் பக்கம் படித்துவரின், எண்பது நாளில் நூல் முடிந்துவிடும். பருவம் தொடங்கியபின் இரண்டாம் முறை வேண்டும் பகுதிகளை மட்டும் ஆழ்ந்து நோக்கலாம். பெருநூல்களைக் கோடையில் முன்னரே படித்துவைத்தல் இலக்கிய மாணவர் கைக்கொள்ளத்தக்க நல்வழியாகும்.

எனினும், பக்கக் கணக்கே எல்லாம் என்று கருதற்க. ‘சானெட்’ எனப்படும் ஆங்கிலப் பாவகைக்குப் பதினான்கு அடிகளே உண்டு. அதனை வாய்விட்டுப் படித்து, ஓசையும் எதுகையும் உணர்ந்து, கருத்துத் திரும்பும் இடத்தைக் கண்டுகொள்வதற்கு ஒரு மாலைப் பொழுதும் போதாது போகலாம். நாடகமோ கண்ணாற் படிப்பதோடு அமையாது, காதாற் கேட்கவும் அரங்கிற் காணவும் வேண்டுவது. ஆகவே, நாவலுக்கு நீண்ட நாள்களையும், கவிதைக்கு அமைதியான சிறு பொழுதுகளையும், நாடகத்திற்குத் தொடர்ந்தாற்போல் இரண்டு மூன்று மணி நேரத்தையும் ஒதுக்குதல் நன்று.

நான்காவதாக, எழுத்துப் பயிற்சி. கதை, கவிதை, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றை எழுதப் பழகுதலும், பின்னர் மேடைக்கும் வானொலிக்கும் திரைக்கும் உரிய நாடகம் எழுதப் பழகுதலும் இத்தகைய பாடங்களில் இடம்பெறும். படைப்பை மட்டும் ஒப்படைத்தல் போதாது. அதனை எவ்வாறு உருவாக்கினேன், எதனை நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்று விளக்கும் குறிப்புரையும் உடன் எழுதல் வேண்டும். கடைசி நாளில் அமர்ந்து ஒரே மூச்சில் எழுதியவர்க்கு இக்குறிப்புரை வாராது. நாள்தோறும் சிறு குறிப்பேட்டில் கண்டதையும் கேட்டதையும் பதிந்துவைத்து, முதற்படியைத் திருத்தி இரண்டாம்படி எழுதி, அதனையும் சில நாள் மூடிவைத்துப் பின் மீண்டும் நோக்கியவர்க்கே அது கைகூடும்.

பேரெழுத்தாளரும் இந்நெறியினின்று விலகியவரல்லர். மேற்கூறிய ஜார்ஜ் எலியட்டின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். அவர் 1869-இல் ‘மிடில்மார்ச்’ என்னும் கதையைத் தொடங்கினார். அது விரைந்து நடைபெறவில்லை. 1870-இன் இறுதியில் ‘மிஸ் புரூக்’ என வேறொரு கதையைத் தொடங்கினார். பின்னர் இரண்டும் ஒன்றற்கொன்று துணையாதலைக் கண்டு, அவற்றை ஒரே நாவலாக இணைத்தார். அந்நூல் 1871 டிசம்பர் முதல் ஓராண்டுக் காலம் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. அந்நாவலுக்கென அவர் வைத்திருந்த குறிப்பேட்டிற்குக் ‘கல் எடுக்கும் சுரங்கம்’ என்னும் பொருளுடைய பெயரை இட்டிருந்தார். மருத்துவ வரலாறு பற்றிய செய்திகளும், நிகழ்ச்சிகளின் நிரலும் அதில் எழுதப்பட்டிருந்தன. இலக்கிய வகுப்பில் இந்நாவலைப் படிப்பவர் இரு கதைகளும் பின்னப்பட்ட திறத்தைக் காண்கிறார். எழுத்து வகுப்பில் தம் கதையைப் பின்னுங்கால் அத்திறம் அவர் கைக்கு உதவுகிறது. இலக்கியப் பாடத்தை முன்னாண்டிலும் எழுத்துப் பாடத்தைப் பின்னாண்டிலும் வைத்துக்கொள்வதன் பயன் இதுவே. நம் நாட்டிற் பழைய தமிழ்ப் புலவரும் பிரபந்தங்களைப் பாடங்கேட்டுக்கொண்டே செய்யுள் இயற்றிப் பழகினர்.

ஐந்தாவதாக, ஒப்படைப்புக் கட்டுரைகள். வில்லி ரசல் 1980-இல் இயற்றிய ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்னும் நாடகம் இப்பல்கலைக்கழகத்து மாணவி ஒருத்தியைப் பற்றியது. ரீட்டா மகளிர்க்கு முடி அலங்காரம் செய்யும் தொழிலினள். இப்சன் எழுதிய ‘பீர் கிந்த்’ என்னும் நாடகத்தை மேடையேற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகளை எவ்வாறு தீர்க்கலாம் என்று கேட்கப்பட, அதனை வானொலியில் நடத்திவிடலாம் என்று ஒரே வரியில் விடை எழுதிவிடுகிறாள். அவ்விடையில் அறிவுக்கூர்மை இல்லாமல் இல்லை. ஆனால், அம்முடிவிற்கு வந்த வழியை அவள் காட்டவில்லை. வழியைக் காட்டுதலே கட்டுரை. அதற்கு நூற்சான்று தேடவும், எதிர்க்கருத்தை எண்ணிப் பார்க்கவும், எழுதியதைத் திருத்தவும் நேரம் வேண்டும். ஆதலால், ஒப்படைக்கும் நாளை நாட்காட்டியில் குறித்தல் போதாது. எழுதத் தொடங்கும் நாளையும் அதற்கு மூன்று வாரம் முன்னதாகக் குறித்தல் வேண்டும்.

இறுதியாக, திட்டத்தில் சிறிது இடம் வெறுமையாக இருத்தல் வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். மருத்துவமனையில் இரவுப் பணி நேரலாம். மாதத்தில் நான்கு வாரங்களுள் ஒன்றைப் புதுப்பாடமின்றி நிறுத்தி, விடுபட்டதை நிரப்ப வைத்துக்கொண்டவர் தளர்வதில்லை. இடையில் ஓராண்டு நின்று மீண்டும் தொடரவும் அப்பல்கலைக்கழகத்தில் வழியுண்டு. நிற்றல் வேறு, கைவிடுதல் வேறு.

இந்தியாவிலும் திறந்தநிலைக் கல்வி வேரூன்றியுள்ளது. 1982-இல் ஆந்திரத்திலும், 1985-இல் இந்திராகாந்தி பெயரால் புதுதில்லியிலும், 2002-இல் தமிழ்நாட்டிலும் இத்தகைய பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. வறுமையாலோ குடும்பச் சுமையாலோ பள்ளியோடு நின்றவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருப்பின், இவ்வழியை அவர்க்கு எடுத்துரையுங்கள்.

மாணவர்களே! நீங்கள் எத்துறையைப் பின்னாளிற் கற்பினும், இம்முறை உங்கட்கு உதவும். இவ்வாரத்தில் உங்கட்கு உண்மையாகவே எத்தனை மணி நேரம் ஓய்வு உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். படிக்க வேண்டிய நூல்களின் பக்கங்களை அதன் அருகில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லையாயின் மனந்தளரற்க; நூலின் அளவைக் குறையுங்கள், அல்லது நாள்களைக் கூட்டுங்கள். ஆர்வம் கல்வியைத் தொடங்கி வைக்கும். அதனை முடித்து வைப்பது அளவறிந்து நாள்தோறும் செய்யும் சிறு உழைப்பே ஆகும்.